இடது கண்ணுக்குத் தாமதமாக வந்த மஞ்சள்

நடந்தவை, வரிசையாக:

1. சூளையின் பார்வைத் துளையில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், என் இடது கண்ணில் வெறும் வெண்மை நின்றது. வலது கண் உடனே தெளிந்தது. இடது கண் வெகுநேரம் கழித்தே தெளிந்தது.
2. சூளை வெளிச்சம்தான் காரணம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம்.
3. சூளை பார்க்கப் போடும் நீலக் கண்ணாடியை மாற்றினோம். பலனில்லை.
4. கொடியில் துணி போடக் கையைத் தூக்கினால் இடது கை கடுத்தது. இதைக் கண்ணோடு சேர்த்து யாரும் யோசிக்கவில்லை.
5. எங்கள் யூனிட்டில் நடந்த மருத்துவ முகாமில், பிபி கருவி என் இடது கையில் எந்த அளவும் காட்டவில்லை. கருவி பழுது என்றோம்.
6. ஒரு நாள் காலை, குனிந்து நிமிர்ந்தபோது, இடது கண்ணின் ஓரங்களிலிருந்து சாம்பல் நிறம் கிளம்பி வந்து நடுவில் மூடிக்கொண்டது. பிறகு மெல்ல விலகியது.
7. புதுச்சேரிக்குப் போனோம்.
8. கருவி பழுதில்லை.

இதில் இரண்டாவதும் ஐந்தாவதும் தப்பு. ஆனால் அந்தச் சமயத்தில் அவை இரண்டும்தான் எங்களுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தன. யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பவுலின். பவுலி என்று கூப்பிடுவார்கள். செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு, விருத்தாசலத்தில் பீங்கான் ப்யூஸ் கட்டை செய்யும் ஒரு யூனிட்டில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்க்கிறேன். வீடு கம்மாபுரம் பக்கம். ஸ்கூட்டியில் வந்து போவேன்.

சூளையில் சரக்கை ஏற்றும்போது, துளைக்கு நேராக உள்ளே மூன்று சின்னக் கூம்புகளை நிறுத்துவோம். கோன் என்போம். குறிப்பிட்ட சூடு ஏறியதும் அவை ஒவ்வொன்றாகத் தலைகுனிந்து சாயும். வெப்பமானி என்ன எண்ணைக் காட்டினாலும், கோன் சாய்ந்ததை இரண்டு பேர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்கள் யூனிட்டில் சூளையை அணைப்பார்கள். முதலில் பார்த்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது ஆளும் பார்த்து முடித்ததும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். ஒருவர் சூளைக்காரர் வேலாயுதம் அண்ணன். மற்றவர் நான்.

அந்தத் துளைக்கு இடப்பக்கம் ஒரு எரிவாயுக் குழாய் இறங்குகிறது. தலையை வலப்பக்கம் ஒதுக்கி இடது கண்ணை வைத்தால்தான் கோன் தெரியும். வேலாயுதம் அண்ணனுக்கு இடது கண்ணில் புரை விழுந்து அறுவை செய்திருந்தார்கள். அவருக்கு முன்பு இருந்தவருக்கும் இடது கண்தான் என்று ஒரு பேச்சு உண்டு. எனவே என் கண் விஷயத்தில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"எனக்கும் இந்தக் கண்ணுதான் மொதல்ல போச்சு," என்றார் அண்ணன். "சூளை வாங்கிக்கும்மா. ஒரு கண்ணு அதுக்கு, ஒரு கண்ணு நமக்கு."

"உங்களுக்கு வயசாயி போச்சுண்ணே. எனக்கு இருபத்தாறுதான் ஆவுது."

"நீ படிச்ச புள்ள. எல்லாத்துலயும் சீக்கிரம்."

சிரித்துவிட்டு அவருடைய நீலக் கண்ணாடியையே எனக்குக் கொடுத்தார். காதில் மாட்டும் கம்பி ஒன்று உடைந்து, அதில் நூல் சுற்றியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தபோதும் வெண்மை வந்தது.

சொல்லப்போனால், அந்த வெண்மை எனக்குப் பயமாகவே இல்லை. மெருகு பூசாத, ஒருமுறை மட்டும் சுட்ட மெல்லிய கோப்பையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஒரு பால் வெளிச்சம் ஊறி வருமே, அதற்குள் நான் நின்றுகொண்டிருப்பதுபோல் இருக்கும். வலது கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் காத்திருப்பேன். பாலுக்குள்ளிருந்து முதலில் ஜன்னல் வரும். பிறகு சரக்கு வண்டியின் தண்டவாளம். கடைசியில் வேலாயுதம் அண்ணனின் வெள்ளைப் பனியன். உலகம் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது.

மருத்துவ முகாமில் கருவி 'எர்ரர்' என்று காட்டியதும், என் தொழில் புத்திதான் முன்னால் வந்தது. பழுதான கருவிக்கு எங்கள் யூனிட்டில் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைப்போம். "இதுக்கு ஒரு சீட்டு ஒட்டிடுங்க," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் வலது கையில் கட்டிப் பார்த்தாள். அளவு சரியாக வந்தது. அதோடு விட்டுவிட்டோம்.

சாம்பல் நிறம் வந்த அன்று, கீழே கிடந்த உடைந்த கட்டை ஒன்றை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்ததும் மணிமுத்தாற்றில் மார்கழிப் பனி இறங்குவதுபோல் நாலாபக்கமும் மூடிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அந்த வட்டத்துக்குள் என் விரல்கள் இருந்தன. பிறகு அதுவும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் வட்டம் திறந்தது. இந்தத் தடவை பக்கத்தில் சூளை எரியவில்லை. வெளிச்சமே இல்லை. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அம்மாவும் நானும் பண்ருட்டி வழியாகப் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். அப்பா மாட்டைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்துவிட்டார்.

கண் பிரிவின் காத்திருப்பு அறையை நான் மறக்கமாட்டேன். கண்மணியை விரிக்க எல்லோருக்கும் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். வரிசை வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு மனிதர்கள் உட்கார்ந்திருந்தோம். கோயில் பூசை முடியக் காத்திருப்பவர்கள் மாதிரி. மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு திறந்து பார்த்தால், ஒவ்வொரு குழல் விளக்கைச் சுற்றியும் ஒரு வளையம். யாருக்கும் முகம் இல்லை. புடவை நிறங்கள் மட்டும் நடந்து போயின.

அம்மா என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். "இப்ப ஒரு டாக்டரு உள்ள போறாரு. நம்ம டாக்டரு இல்ல. அந்தப் பச்சைப் பொடவ எழுந்துடுச்சு. அடுத்து அந்தத் தாத்தா. அப்புறம் நாமதான். அந்தத் தாத்தா தூங்கிட்டாரு, எழுப்பி விடட்டுமா?"

"சும்மா இரும்மா."

"அவரு முறை போயிடுமேன்னு சொன்னேன்."

எழுப்பி விட்டாள். அவர் எங்களை ஆசீர்வதித்துவிட்டு உள்ளே போனார்.

கண் டாக்டர் என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவராக இருப்பார். கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சி வெகுநேரம் பார்த்தார். நான் சூளைக் கதையைச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "சூளைச் சூடு வருஷக்கணக்கா பட்டா லென்ஸ்ல புரை வரும்ங்க. அது உண்மைதான். ஆனா உங்க லென்ஸ் சுத்தமா இருக்கு. பிரச்சினை அதுக்குப் பின்னாடி, விழித்திரையில இருக்கு," என்றார். விழித்திரை என்பது கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. என் இடது விழித்திரையில் அங்கங்கே புள்ளி புள்ளியாக ரத்தம் கசிந்திருந்தது. தமனிகள் நூல்போல் இளைத்திருந்தன. சர்க்கரை நோயாளியின் கண்போல இருக்கிறது, ஆனால் உங்களுக்குச் சர்க்கரை இல்லை, அதுவும் ஒரு கண்ணில் மட்டும் என்றார். கையில் மஞ்சள் சாய ஊசி போட்டு, அது கண்ணுக்குள் ஓடுவதைப் படமெடுக்கச் சொன்னார்.

சாயத்துக்கு முன்பு பிபி பார்க்க வேண்டும். வலது கையில் ஊசி போட ஏற்கனவே குழாய் சொருகியிருந்ததால், சிஸ்டர் இடது கையில் பட்டையைக் கட்டினார். கருவி ஊதியது, இளைத்தது, 'எர்ரர்' என்றது.

"பேட்டரி வீக்கா இருக்கும்," என்றேன். சொன்னது நான்தான்.

சிஸ்டர் இன்னொரு கருவி கொண்டுவந்தார். அதுவும் அப்படியே. பிறகு மூன்று விரல்களை என் மணிக்கட்டில் வைத்தார். கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். அதுவரை அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. சுடாத பச்சைக் கோப்பையைப் பலகையில் இறக்கி வைப்பதுபோல் என் கையைக் கட்டிலில் வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் இருங்க, டாக்டரக் கூட்டிட்டு வரேன்," என்றார்.

"என்ன சிஸ்டர்?" என்றாள் அம்மா.

"நாடி கிடைக்கலம்மா."

அம்மா பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏன் கிடைக்கல? சூடாத்தான இருக்குது கையி! உசுரோட பேசிக்கிட்டு உக்காந்திருக்குது புள்ள, நாடி எங்க போவும்?"

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான். இரண்டு கருவிகள், ஒரு ஆள். மூன்றும் ஒரே மாதிரி சொல்கின்றன. நாங்கள் சூளையை அணைக்க இரண்டு சாட்சிதான் கேட்போம்.

சாயம் ஏறியது. தொண்டையில் இரும்பு வாசனை. பிறகு என் நகங்கள், அம்மாவின் முகம், சுவர், எல்லாவற்றின் மேலும் யாரோ மெல்ல மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தெளித்ததுபோல் இருந்தது. அது உடம்பிலிருந்து இறங்கும்வரை நான் மாலை வெயிலுக்குள் நடந்துகொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்து, "நலங்கு வெச்சாப்ல இருக்கறடி," என்றாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

படங்களை டாக்டர் திரையில் காட்டினார். வலது கண்ணில் கண் சிமிட்டுவதற்குள் மஞ்சள் எல்லாக் கிளைகளிலும் நிறைந்துவிட்டது. இடது கண்ணில் ஒன்றும் வரவில்லை. அடுத்த படம், இருட்டு. அதற்கடுத்தது, இருட்டு. பிறகு நடுவில் ஒரு சின்ன வெளிச்சம் எட்டிப் பார்த்தது. அது கிளைகளுக்குள் ஊர்ந்து போனதைப் படம் படமாகப் பார்த்தேன். வறண்ட மணிமுத்தாற்றில் முதல் தண்ணீர் விட்டால், மணலை நனைத்துக்கொண்டு ஒரு நாக்கு மட்டும் முன்னால் வருமே, அப்படி. ஓரங்களில் பல இடங்களுக்கு அது கடைசிவரை போய்ச் சேரவே இல்லை.

"கடைமடை," என்றாள் அம்மா.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா?"

"வாய்க்கா தலைப்புல தண்ணி கொறஞ்சா, கடைசி வயலுக்குப் போவாது. அதானே?"

"அதேதாம்மா," என்றார் டாக்டர். பிறகு எங்கள் இருவருக்கும் சேர்த்து விளக்கினார். நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன்.

கண் என்பது காற்றடித்த பந்து மாதிரி. அதற்குள் எப்போதும் ஒரு அழுத்தம் இருக்கிறது. உள்ளே வரும் ரத்தம் அந்த அழுத்தத்தைத் தள்ளிக்கொண்டுதான் நுழைய வேண்டும். என் கழுத்தின் இடப்பக்கம் மேலேறும் பெரிய தமனி சுருங்கிவிட்டது. அதனால் வரும் ரத்தத்துக்குத் தள்ளும் வலு இல்லை. குனிந்து நிமிர்ந்தால் அந்த வலு இன்னும் குறைகிறது, கண் மூடிக்கொள்கிறது. சூளைக்கும் இதுதான் விளக்கம். பெரிய வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் ஒளியை உணரும் நிறமி வெளுத்துப் போகும். அதை மறுபடி உண்டாக்கிக்கொள்ள ரத்தம் வேண்டும். ரத்தம் போதாத கண் தாமதமாகத் தெளியும். அதாவது சூளை ஒவ்வொரு முறையும் என் கண்ணுக்கு ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தது. முடிவை நாங்கள் தப்பாகப் படித்தோம்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை என் கழுத்தில் வைத்து, பிறகு என் காதிலும் மாட்டிக் கேட்கச் சொன்னார். 'புஸ், புஸ்' என்று, பர்னர் வாயில் எரிவாயு போகும் சத்தம்.

ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயிலிருந்து பிரிந்து இடது கழுத்துக்கும் இடது கைக்கும் போகும் இரண்டு கிளைகளின் சுவர்களும் வீங்கித் தடித்திருந்தன. உடம்பின் காவல் படையே தன் குழாய்களைத் தாக்கும் நோய். இளம் பெண்களுக்கு அதிகம் வருமாம். 'நாடியில்லா நோய்' என்று இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு என்றார்கள். கேட்டதும் எனக்கு ஏதோ ஒரு ஊரின் பெயர்போல் இருந்தது. அங்கே நான் கொஞ்ச காலமாகக் குடியிருக்கிறேன், யாரும் சொல்லவில்லை.

வார்டில் சேர்த்தார்கள். வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு. காவல் படையை அமைதிப்படுத்த இன்னொரு மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. கண்ணின் உள் அழுத்தத்தைக் குறைக்கச் சொட்டு மருந்து. பந்தின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால், வலுவில்லாத ரத்தமும் நுழையும் அல்லவா.

பக்கத்துக் கட்டிலில், எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா. சர்க்கரையால் கண்ணில் ரத்தம் கசிந்து வந்திருந்தார். அவருக்கு எதைப் பார்த்தாலும் குறுக்கே சிலந்தி நூல் ஆடுமாம். "எங்க வூட்டுக்காரர் மூஞ்சில ஆடுது. அது ஒண்ணுதான் நல்லாருக்குது," என்பார். ஸ்டீராய்டில் என் முகம் வீங்கத் தொடங்கியதும், "ஏ புள்ள, வந்தப்ப சப்பாத்தி, இப்ப பூரி!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அம்மாவுக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாத்திரையால் எனக்கு எப்போதும் பசி. அக்கா தனக்கு வந்த இட்லியில் ஒன்றை, டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்லி, தினமும் என் தட்டில் போட்டுவிடுவார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்பா தினமும் காலையில் போன் செய்வார். உடம்பு எப்படி இருக்குது என்று கேட்கமாட்டார். "இன்னைக்கு என்ன தெரியுது?" என்பார். நான் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சொல்வேன். ஜன்னல் தெரியுதுப்பா. மரம் தெரியுது. இலை தெரியல. "இல தெரியலன்னா பரவால்ல, மரம் இருக்குதுல்ல," என்று வைத்துவிடுவார். செலவுக்கு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகுதான் கஷ்டமான பேச்சு வந்தது.

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். ரத்தம் போய்ச் சேராத விழித்திரை ஓரங்கள் சும்மா இருப்பதில்லை. மூச்சு முட்டி, எனக்கு ரத்தம் வேண்டும் என்று ஒரு வேதிப்பொருளை அனுப்புகின்றன. அதைக் கேட்டுக் கண்ணுக்குள் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை நல்ல குழாய்கள் இல்லை. அவசரத்தில் போட்ட ஒட்டு மாதிரி. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் நிறையும், பார்வை மொத்தமாகப் போகும். எனக்கு அவை முளைக்கத் தொடங்கிவிட்டன. லேசர் வைத்து, ஏற்கனவே பட்டினி கிடக்கும் ஓரங்களைச் சுட்டுவிட்டால், அவை ரத்தம் கேட்பதை நிறுத்தும். புதுக் குழாய்கள் வாடும். இருக்கிற ரத்தம் நடுவுக்குப் போதும்.

"அப்போ ஓரத்துப் பார்வை?" என்று கேட்டேன்.

"போயிடும்ங்க. இடது கண்ணுல பக்கவாட்டுல தெரியறது கொறையும். இருட்டுல கஷ்டமா இருக்கும். நடுவைக் காப்பாத்த முயற்சி பண்றோம். உறுதின்னு சொல்லமாட்டேன்."

"கோன் பார்க்க முடியுமா?"

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். "நடு பிழைச்சா பார்க்கலாம்," என்றார்.

டாக்டர் போனதும் அம்மா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். அங்கிருந்தே சொன்னாள். "வேணாம்."

"ஏம்மா?"

"ஓரமா கொஞ்சம்னுதான் மொதல்ல கேப்பாங்க."

அதற்கு மேல் அவள் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊரில் இந்தப் பேச்சு எல்லோருக்கும் தெரியும். நிலக்கரிச் சுரங்கத்துக்காக முதலில் வயலின் கிழக்கு ஓரம் போனது. பிறகு கிணறு. பிறகு மாமாவின் வீடு. விட்டுக்கொடுத்த ஓரம் அதோடு நின்றதை அம்மா தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"இது நெலம் இல்லம்மா."

"நெலத்துக்கும் படிச்சவங்கதான் வந்து சொன்னாங்க. நல்லாத்தான் பேசினாங்க."

கையெழுத்து நான் போட்டால் போதும். ஆனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது என்னால் போட முடியவில்லை. அன்று பகல் முழுவதும் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் கூரை விசிறி பழைய துணிக்குப் பின்னால் சுற்றுவதுபோல் சுற்றியது. அந்த மங்கலுக்குள், விழித்துக்கொண்டே கனவு காண்பதுபோல், எங்கள் சூளை வந்தது. எரிவாயு அழுத்தம் குறைந்த ஒரு நாள். வண்டி நிறையச் சரக்கு. சூடு ஏறவே இல்லை. அண்ணனும் நானும் சேர்ந்து ஓர அடுக்குகளை இறக்கினோம். இறக்கிய சரக்கு சரியாக வேகாமல் வீணாய்ப் போனது. ஆனால் நடு அடுக்கு வெந்தது. மணி மாதிரி ஒலிக்கும் கட்டைகள் கிடைத்தன.

சாயங்காலம் அம்மா டீ வாங்கிவந்தபோது இதைச் சொன்னேன். "யாரும் வாங்கிட்டுப் போவலம்மா. ஓரம் ஏற்கனவே செத்துடுச்சு. அதுக்கும் சேர்த்துத் தீனி போட முடியாது. அவ்ளோதான்."

அம்மா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். ஆறிய பிறகும் ஆற்றினாள்.

மங்களூர் அக்கா குறுக்கே வந்தார். "எனக்கு ரெண்டு கண்ணுலயும் வெச்சாங்க, அஞ்சாறு தடவ. இதோ உங்க மூக்குத்தி தெரியுது. எண்ணெ எறங்கிக் கெடக்குது, தேய்ங்க."

அம்மா தன்னையறியாமல் மூக்கைத் தொட்டாள். பிறகு என்னிடம், "நடுவுல என்னடி இருக்குது?" என்று கேட்டாள்.

"எழுத்து. முகம். கோன். நீ."

"அப்ப சரி," என்றாள். "வூடு நடுவுலதான் இருக்குது. அதையாவது பாத்துக்கட்டும்."

லேசர் அறை இருட்டு. முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, கண் மேல் ஒரு கண்ணாடி வில்லையை ஒட்டினார்கள். பிறகு பச்சை மின்னல். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. வலி என்று சொல்ல முடியாது. மண்டைக்குள் தூரத்தில் யாரோ விரலால் சுண்டுவதுபோல். நான் சுடுவதைத் தொழிலாகக் கொண்டவள். என் கண்ணுக்குள் யாரோ புள்ளி புள்ளியாகச் சுடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முடிந்து விளக்கைப் போட்டபோது உலகம் முழுவதும் கத்திரிப்பூ நிறமாக இருந்தது. கதவருகில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு உருவம் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"என்னடி தெரியுது?"

"நீதான்மா. ஊதா கலர்ல."

"ஊதாவா இருந்தா இருந்துட்டுப் போறேன்," என்றாள்.

இன்னும் சில முறை வந்து போய் லேசர் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு வீடு, மாத்திரை, மாதாமாதம் புதுச்சேரி. வீக்கம் அடங்கிய பிறகு எடுத்த ஸ்கேனில், அடைபட்ட குழாயைச் சுற்றிச் சின்னச் சின்ன மாற்றுப் பாதைகள் உருவாகியிருந்தன. இவை நல்ல குழாய்கள், உடம்பு நிதானமாகப் போட்டவை என்றார் டாக்டர். கழுத்துக் குழாய்க்கு அறுவை தேவைப்படலாம், இப்போது வேண்டாம் என்றும் சொன்னார்.

வேலைக்குத் திரும்பிய அன்று சூளை எரிந்துகொண்டிருந்தது. வழக்கமான துளைக்குப் போனேன். வேலாயுதம் அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார். "அங்க இல்லம்மா. இப்படி வா." சூளையின் மறுபக்கச் சுவரில், பல வருடங்களாகக் கல் வைத்து அடைத்திருந்த பழைய துளை ஒன்றைத் திறந்திருந்தார். அந்தப் பக்கம் குழாய் இல்லை. வலது கண்ணை வைக்கலாம். அதற்கு நேராக இன்னொரு செட் கோனும் நிறுத்தியிருந்தார்.

"என்னண்ணே, ஒரு கண்ணு சூளைக்குன்னு சொன்னீங்க?"

"நீ வராத வரைக்கும் அந்த மேஸ்திரிப் பயல ரெண்டாவது ஆளா வெச்சிருந்தாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவன் சொல்லிப்புடறான். அவனோட சூளை அணைக்க முடியாதும்மா. அதான் தொறந்தேன்."

அவர் முதலில் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. நான் நீலக் கண்ணாடி வழியாக வலது கண்ணால் பார்த்தேன். ஆரஞ்சு வெளிச்சத்துக்குள் மூன்று நிழல்கள். முதலாவது படுத்துவிட்டது. இரண்டாவது தலைகுனிந்து பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிர்ந்து நின்றது. அதுதான் சரியான பதம்.

"சாஞ்சிடுச்சு," என்றோம் இரண்டு பேரும்.

இப்போதைய நிலைமை இது. நோய் அடங்கியிருக்கிறது, போய்விடவில்லை. மாத்திரைகள் தொடர்கின்றன, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள். இடது கண்ணில் புதுக் குழாய்கள் வாடிவிட்டன. நடுப்பார்வை இருக்கிறது. மரத்தில் இலை தெரிகிறது, அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். ஓரப் பார்வை போய்விட்டது, அது திரும்பாது. டார்ச் அடித்துச் சோதித்தால் இடது கண் வலது கண்ணைவிடத் தாமதமாகத்தான் தெளிகிறது, ஆனால் முன்பைவிடச் சீக்கிரம். இடப்பக்கம் வரும் பஸ்ஸும் ஆட்டோவும் எனக்குச் சரியாகத் தெரியாததால் ஸ்கூட்டியை விட்டுவிட்டேன். நடந்து போகும்போது அம்மா என் இடப்பக்கத்தில் வருகிறாள். என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். அதில் இன்னும் நாடி இல்லை. கை சூடாக இருக்கிறது.